தாத்தாவை வழியனுப்புவது எப்படி: முதல் மணி நேரத்திலிருந்து முதல் திவசம் வரை

வயதான தாத்தா ஒருவர் போய்விட்டால் ஊர் தானாக வந்து சேர்ந்துவிடும். யார் போன் செய்தார்கள் என்று தெரியாது, வாசலில் பந்தல் நிற்கும். பக்கத்து வீட்டில் காபி கொதிக்கும். எந்தச் சடங்கு எப்போது என்று சொல்லப் பெரியப்பா, சித்தப்பா, பங்காளிகள் என்று பத்துப் பேர் இருப்பார்கள். எனவே சடங்கைப் பற்றிப் பேரப்பிள்ளைகள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பதினாறு நாள் முடிந்தபின் பல வீடுகளில் மிஞ்சும் குறைகள் வேறு மாதிரியானவை. பாட்டியை யாரும் சரியாகக் கவனித்திருக்க மாட்டார்கள். தாத்தாவைப் பற்றி யாரும் உட்கார்ந்து நிதானமாகப் பேசியிருக்க மாட்டார்கள். இந்த வழிகாட்டி அந்த இரண்டு வேலைகளுக்கும் கூடுதல் இடம் தருகிறது. மற்றதையும் வரிசையாகச் சொல்கிறது.

இங்கே சொல்லும் முறை மதுரை, சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்து இந்துக் குடும்பங்களில் பொதுவாக நடப்பது. சில சமூகங்களில் காரியம் 11ஆம் நாள், சிலவற்றில் 13ஆம் நாள். சடங்கே வேண்டாம், படத்திறப்பு போதும் என்ற குடும்பங்களும் நிறைய உண்டு. முறை மாறினாலும் வேலைகள் பெரிதாக மாறாது.

முதல் சில மணி நேரம்

வீட்டில் உயிர் பிரிந்தால் முதலில் டாக்டரை வரவழைத்து உறுதி செய்யுங்கள். இறப்புக்கான காரணத்தை எழுதி அவர் தரும் சான்று பிறகு பதிவுக்கும், எரிவாயு தகனமேடைக்கும் தேவைப்படும். அரசு மருத்துவமனையில் இறந்தால் இலவச அமரர் ஊர்தியைக் கேட்டு வாங்கலாம், தனியார் வண்டிக்குப் பேரம் பேசி அலைய வேண்டாம்.

தாத்தா கண் தானம் பற்றி எப்போதாவது பேசியிருந்தால் அதற்கு ஆறு மணி நேரம்தான் அவகாசம். அருகிலுள்ள கண் வங்கிக்கு உடனே போன் செய்யுங்கள். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். வயது தடையில்லை, கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை சிகிச்சை செய்தவர் என்பதும் தடையில்லை. வீட்டுக்கே வந்து அரை மணி நேரத்துக்குள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், முகத்தில் வித்தியாசம் தெரியாது.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் எரியூட்டுவதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும், வெப்பத்தில் வெடிக்கும். டாக்டர் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இறந்த நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். காலண்டரில் அன்றைய தமிழ் மாதம், பட்சம், திதி மூன்றையும் பார்த்து அதே தாளில் எழுதிவிடுங்கள். வருடா வருடம் திவசம் கொடுப்பது இந்தத் திதியில்தான். ஆறு மாதம் கழித்து "அன்னைக்கு ஏகாதசியா, துவாதசியா" என்று தேடுவது பெரிய அலைச்சல்.

அப்புறம் தகவல் சொல்வது. கேதம் சொல்வதில் ஒரு வரிசை உண்டு. பாட்டியின் பிறந்த வீடு, கட்டிக்கொடுத்த மகள்கள், சம்பந்திகள், பங்காளிகள், பிறகு மற்றவர்கள். இவர்களுக்கு ஒவ்வொருவராகப் போனில் பேசிச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடுவது அதற்குப் பிறகு. குழுவில் பார்த்துத் தெரிந்துகொண்ட மச்சினர் பத்து வருடம் ஆனாலும் அதைச் சொல்லிக் காட்டுவார். சொல்லும்போதே எப்போது எடுக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் வெளிநாட்டுப் பேரனுக்காகக் காத்திருப்பதா என்பதை முதல் ஒரு மணி நேரத்தில் முடிவு செய்துவிடுங்கள். என் கருத்து, ஓர் இரவு வரை காத்திருக்கலாம். அதற்கு மேல் போனால் வெயிலில் உட்கார்ந்திருக்கும் வயதானவர்களுக்குத்தான் தண்டனை. வர முடியாதவருக்கு ஒருவர் பொறுப்பாகப் போனைப் பிடித்து வீடியோவில் காட்டட்டும்.

வேலையை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் பணம், ஒருவர் போன், ஒருவர் வந்தவர்களுக்குத் தண்ணீர், காபி, சாப்பாடு, நான்காமவர் பாட்டி. இந்த நான்காவது வேலைக்குப் பெரும்பாலும் ஆளே இருக்காது, "பொம்பளைங்க எல்லாம் கூடத்தானே இருக்காங்க" என்று விட்டுவிடுவார்கள். சுற்றி நாற்பது பேர் அழுதுகொண்டிருப்பார்கள். சுகர் மாத்திரை போட்டாளா என்று கேட்க ஒருவர் இருக்க மாட்டார். ஒரு பேத்தியைப் பெயர் சொல்லி இதற்கென்றே நியமியுங்கள். மாத்திரை, தண்ணீர், கழிப்பறைக்கு அழைத்துப் போவது, ஒரு வாய் கஞ்சி, இரவில் பக்கத்தில் படுப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

எடுக்கும் நாள்

குளிர்பெட்டி வந்ததும் மின்சாரம் போனால் என்ன வழி என்று பெட்டிக்காரரிடமே கேளுங்கள். கையில் மோதிரம், இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தால் குடும்பத்தில் இரண்டு பேர் பார்க்க எடுத்து, யாரிடம் இருக்கிறது என்று எழுதிவிடுங்கள்.

மாலையும் கோடித் துணியும் வரத் தொடங்கும் முன் வாசலில் ஒரு நோட்டுப் போட வேண்டும். பெயர், ஊர், என்ன முறை, என்ன கொண்டு வந்தார்கள் என்று நான்கு கட்டம் போதும். நாளைக்கு அவர்கள் வீட்டில் ஒன்று என்றால் நாம் திருப்பிச் செய்ய வேண்டிய செய்முறை இது. கையெழுத்து நன்றாக இருக்கும், உறவுமுறை தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். கல்லூரிப் பையனை உட்கார வைத்தால் "நீல சட்டை மாமா, ஒரு மாலை" என்று எழுதி வைப்பான்.

நீர்மாலை எடுக்க மகன்களும் பங்காளிகளும் கிணற்றுக்கோ ஊருணிக்கோ போய்க் குளித்து, குடத்தில் தண்ணீர் கொண்டு வருவார்கள். அதில் குளிப்பாட்டி, கோடி போர்த்துவார்கள். அதன் பிறகுதான் பேரப்பிள்ளைகளின் முறை, நெய்ப்பந்தம் பிடிப்பது. குச்சியில் துணி சுற்றி நெய்யில் நனைத்துக் கொளுத்தி, பேரன் பேத்திகள் எல்லாரும் தாத்தாவைச் சுற்றி வர வேண்டும். பேரன் பேத்தி எடுத்து, பந்தம் பிடிக்க ஆள் வைத்துவிட்டுப் போவதைத்தான் கல்யாணச் சாவு என்பார்கள். அதனால் அழுகைக்கு நடுவிலும் அங்கே ஒரு பெருமை இருக்கும். சின்னப் பிள்ளைகள் நைலான் உடையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பந்தல் துணி தாழ்வாக இருந்தால் பந்தத்தை வெளியே கொண்டு வரச் சொல்லுங்கள். பயப்படும் பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம், பெரியவர் கையோடு கை வைத்தாலே போதும். தாத்தா தூங்குகிறார் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். செத்துப்போய்விட்டார், இனி வர மாட்டார் என்று நேராகச் சொன்னால் அவர்கள் புரிந்துகொள்வார்கள். தூக்கம் என்று சொன்னால் இரவில் தூங்கப் பயப்படுவார்கள்.

வாய்க்கரிசி போட்டு முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பது வழக்கம். மகன் இல்லாத வீட்டில் மகளோ, மகள் வயிற்றுப் பேரனோ வைப்பது இப்போது அபூர்வமான காட்சி இல்லை. பெண்கள் தெரு முனையோடு நிற்பதா, மயானம் வரை வருவதா என்பதையும் வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துவிடுங்கள். வர ஆசைப்படும் பேத்தியைத் தெருவில் பத்துப் பேர் நடுவில் தடுத்து நிறுத்துவதைப் போல ஓர் அவமானம் கிடையாது. நகரங்களில் மின் மயானத்துக்கும் எரிவாயு தகனமேடைக்கும் பெண்கள் வந்து நிற்பதை யாரும் கேட்பதில்லை. அங்கே இறந்தவர், விண்ணப்பிப்பவர் இருவரின் ஆதார் நகலும் டாக்டர் சான்றும் கேட்பார்கள். நேரம் ஒதுக்கித்தான் தருவார்கள், எனவே ஊர்வலத்தை அதற்கேற்றபடி கிளப்ப வேண்டும்.

சங்கு ஊதுபவர், பறையடிப்பவர்கள், சலவைத் தொழிலாளி, முடி எடுப்பவர், மயானத்தில் வேலை செய்பவர் எல்லாருக்கும் கூலியை முன்கூட்டியே பேசி, உறையில் போட்டுத் தயாராக வையுங்கள். மயானத்தில் நின்றுகொண்டு நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவதும், தாத்தா வயதுக்காரரை ஒருமையில் அழைப்பதும் இன்னும் நடக்கின்றன. அந்த வேலையை நம்மில் ஒருவர் செய்வாரா என்று யோசித்தால் பேரம் பேச வாய் வராது. அவர்களுக்கும் பந்தியில் அதே சாப்பாடுதான் என்பதைச் சமையல் பொறுப்பாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, சொல்லக் கூச்சமான ஒன்று. ஆண்கள் கூட்டத்துக்குச் சரக்கு வாங்கப் பணம் கேட்டு யாராவது வருவார்கள். கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் வீட்டு முடிவு. ஆனால் பாடை தூக்குபவர், வண்டி ஓட்டுபவர், வேட்டுப் போடுபவர் மூவரும் எடுத்து முடிக்கும் வரை குடிக்கக் கூடாது என்பதைக் கறாராகச் சொல்லுங்கள். இறுதி ஊர்வலத்தில் விபத்து நடக்க இந்த மூன்றில் ஒன்று தவறினாலே போதும்.

பால் தெளிப்பும் சாம்பலும்

விறகு என்றால் மறுநாளோ மூன்றாம் நாளோ பால் தெளித்து எலும்பும் சாம்பலும் சேகரிப்பார்கள். எரிவாயு மேடையில் அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள். கரைக்கும் இடத்தைக் குடும்ப வழக்கம் தீர்மானிக்கும். எங்கள் பக்கம் வைகைக்கரைத் திருப்புவனமும் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தமும். கொங்குப் பகுதிக்குப் பவானி கூடுதுறை, திருச்சிக்காரர்களுக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம், நெல்லைக்குப் பாபநாசம். எங்கே போனாலும் சாம்பலை மட்டும் கரையுங்கள். கட்டிய வேட்டி, பிளாஸ்டிக் பை, மாலை நார் எல்லாவற்றையும் ஆற்றில் விடுவதால் பாபநாசத்தில் தாமிரபரணியிலிருந்து துணியை அள்ளி மாளவில்லை.

நடுவில் வரும் நாட்கள்

இந்த நாட்களில் துக்கம் விசாரிக்க வருபவர்கள் ஓயவே மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் "எப்படி ஆச்சு" என்று முதலிலிருந்து சொல்லச் சொல்லிப் பாட்டியைக் களைக்க வைப்பார்கள். அந்தக் கதையைச் சொல்ல வேறு ஒருவர் வாசல் பக்கம் உட்காரலாம். மதியம் இரண்டு மணி நேரம் பாட்டி படுக்கட்டும், அந்நேரம் வருபவர்களுக்குத் திண்ணையில் தண்ணீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருங்கள்.

இறப்பைப் பதிவு செய்ய 21 நாள் வரை கட்டணம் இல்லை. அதற்கு மேல் தாமதக் கட்டணம், 30 நாளைத் தாண்டினால் அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை போகும். மருத்துவமனை இறப்பை அவர்களே பதிவு செய்வார்கள். வீட்டில் இறந்தால் நாம்தான் தெரிவிக்க வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், முகவரி மூன்றும் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் உள்ள அதே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் ஒவ்வொரு அலுவலகத்திலும் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

படம் தேர்வு செய்வது இந்த நாட்களில்தான். ஸ்டூடியோவில் கொடுத்தால் தாத்தாவுக்குக் கோட்டுப் போட்டு, பின்னால் நீல வானம் வைத்து, தோல் சுருக்கத்தை எல்லாம் தேய்த்து எடுத்துவிடுவார்கள். அப்படி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் தோளில் துண்டோடு, கண்ணாடியோடு, பார்த்தவுடன் "இது அவரேதான்" என்று தோன்றும் படம் போதும். ஆதார் படத்தைப் பெரிதாக்குவது கடைசி வழி.

காரியப் பத்திரிகையில் சச்சரவு வருவது பெயர்ப் பட்டியலில்தான். மகன்கள் பெயரை மட்டும் போட்டுவிட்டு மகள்களை "மற்றும் குடும்பத்தார்" என்பதற்குள் தள்ளிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. தாத்தாவை ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் பார்த்துக்கொண்டவள் பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோதான். மனைவி, மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் என்று எல்லாப் பெயரையும் போடுங்கள். தாளில் இடம் இல்லையென்றால் அடைமொழிகளைக் குறைத்துக்கொள்ளலாம். அச்சுக்கு முன் எல்லா வீட்டுக்கும் ஒரு முறை அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சுபப் பத்திரிகை போல மூலையில் மஞ்சள் தடவக் கூடாது என்று தெரியாத இளைஞர்களும் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

பாட்டிக்கு என்ன வேண்டும்

பதினாறாம் நாளை ஒட்டித் தாலி அறுக்கும் சடங்கு வருகிறது. பல வீடுகளில் இதைக் கைவிட்டுவிட்டார்கள். பல வீடுகளில் விடியற்காலையில் பாட்டியை நடுவில் உட்கார வைத்து, பூ வைத்து, வளையல் போட்டு, பிறகு எல்லாவற்றையும் பிடுங்குவது இன்னும் நடக்கிறது. ஐம்பது அறுபது வருடம் கூட வாழ்ந்தவளைக் கூட்டத்துக்கு நடுவில் இப்படிச் செய்வது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. ஆனால் என் கருத்தும் இங்கே முக்கியமில்லை, உங்கள் கருத்தும் முக்கியமில்லை. பாட்டியிடம் கேட்க வேண்டும்.

கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. ஆண்கள் கூடி "உனக்கு விருப்பமா" என்று கேட்டால் "ஊர் வழக்கப்படி செய்யுங்க" என்றுதான் பதில் வரும். அவளுக்கு நெருக்கமான மகளோ தங்கச்சியோ, பத்தாம் நாள் வாக்கில், தனியாக இருக்கும்போது கேட்கட்டும். தாலியை யாரும் பார்க்காமல் தானே கழற்றிப் பெட்டியில் வைக்க நினைக்கலாம். அப்படியே போட்டிருக்க நினைக்கலாம். முறைப்படி செய்தால்தான் மனம் ஆறும் என்றும் சொல்லலாம், அதுவும் அவள் முடிவுதான். பொட்டு, பூ, வண்ணச் சேலை எல்லாவற்றுக்கும் இதே வழி. முடிவு தெரிந்ததும் அதைக் குடும்பத்தின் மூத்த ஆண் ஒருவர் வாயால் "நாங்க இப்படித்தான் செய்யப்போறோம்" என்று சொல்ல வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பதினாறாம் நாள் காலை எங்கிருந்தோ வரும் ஒரு தூரத்து அத்தை எல்லாவற்றையும் மாற்றிவிடுவாள். பாட்டியின் அண்ணன் தம்பி வீட்டிலிருந்து பிறந்த வீட்டுக் கோடி வரும், அவர்களிடமும் முன்னதாகவே சொல்லி, வெள்ளைச் சேலைக்குப் பதில் அவள் கட்டக்கூடிய நிறத்தில் எடுத்து வரச் சொல்லலாம்.

தாத்தாவை எழுதி வைப்பது

அடுத்த பத்து வருடத்தில் இவ்வளவு உறவுக்காரர்கள் ஒரே வீட்டில் இத்தனை நாள் இருக்கும் வாய்ப்பு வராது. தாத்தாவோடு பள்ளிக்கூடம் போனவர், வண்டி ஓட்டியவர், அவரிடம் கடன் வாங்கியவர் எல்லாரும் இந்தப் பதினாறு நாளுக்குள் வாசலுக்கு வந்து போவார்கள். ஒரு பேரனோ பேத்தியோ இதை மட்டும் வேலையாக எடுத்துக்கொண்டால் போதும்.

போனில் ஒலிப்பதிவு போதும், வீடியோ வைத்தால் பெரியவர்கள் சட்டையைச் சரி செய்துகொண்டு மேடைப் பேச்சுப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அனுமதி கேட்டுவிட்டு, போனைப் பேசுபவர் பக்கத்தில் வையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் காற்றுச் சத்தம் மட்டும்தான் பதிவாகும்.

"தாத்தா எப்படிப்பட்டவர்" என்று கேட்கவே கேட்காதீர்கள். "தங்கமான மனுசன்" என்பதோடு முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: முதன்முதலில் ஊரை விட்டு எதற்காக வெளியே போனார்? அவர் கையில் வாங்கிய முதல் சம்பளம் எவ்வளவு, யாரிடம்? எந்த நிலத்தை எப்போது விற்றார், ஏன்? யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார், எப்படிச் சமாதானம் ஆனார்? பெண் பார்க்கப் போன அன்று என்ன நடந்தது? அடித்திருக்கிறாரா? கடைசியாக எப்போது அழுதார்?

வருடம் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஊர் மறக்காத ஒரு சம்பவத்தோடு ஒட்டிக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கிணறு வெட்டியது தனுஷ்கோடிப் புயலுக்கு (1964 டிசம்பர்) முன்பா பின்பா? கல்யாணம் இந்தி எதிர்ப்புப் போராட்ட வருசமா (1965)? பெரியப்பா பிறந்தது அண்ணா இறந்த சமயமா (1969 பிப்ரவரி)? புது வீட்டுக்குக் குடி வந்தது காமராஜர் இறந்ததற்கு (1975 அக்டோபர்) முன்னாடியா, எம்ஜிஆர் இறந்ததற்கு (1987 டிசம்பர்) முன்னாடியா? டெல்டாக் குடும்பம் என்றால் 1977 நவம்பர்ப் புயலைக் கேட்காமல் விடாதீர்கள். விவசாயியாக இருந்தவருக்கு ஐஆர் 8 நெல் வயலுக்கு வந்த வருடமே ஒரு காலக் கணக்கு, 1960களின் கடைசி என்று வைத்துக்கொள்ளலாம். இப்படி ஏழெட்டுச் சம்பவங்களை ஒரு கோட்டில் அடுக்கினாலே தாத்தாவின் வாழ்க்கை வரிசை பிடிபட்டுவிடும்.

பாட்டியிடம் இந்தக் கேள்விகளை முதல் வாரத்தில் கொண்டு போகாதீர்கள். மற்றவர்கள் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் "அது அப்படி இல்ல" என்று அவளே திருத்தத் தொடங்குவாள். உங்களுக்குக் கிடைக்கும் நல்ல செய்திகள் அங்கிருந்துதான் வரும்.

பழைய படங்களை ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம். சன்னல் ஓரம், பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் போனில் எடுங்கள். தனிப்படமாக இருந்தால் பின்பக்கத்தில் பென்சிலால், இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். தாத்தாவின் கையெழுத்து உள்ள ஒரு பக்கத்தைத் தேடுங்கள். கணக்கு நோட்டு, பழைய இன்லேண்ட் கடிதம், டைரி, பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்த பால் கணக்கு, எதுவானாலும் சரி.

இதையெல்லாம் என்ன செய்வது? யாழ்ப்பாணத்தில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்கை ஒட்டி இறந்தவருக்கு ஒரு நினைவு மலர் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்பது அதற்குப் பெயர். வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, தேவாரம், இறந்தவர் மேல் பாடிய இரங்கற்பா எல்லாம் அதில் இருக்கும். புலம்பெயர்ந்த குடும்பங்கள் லண்டனிலும் டொரண்டோவிலும்கூட இதைத் தொடர்கின்றன. நம் ஊரில் கருமாதிக்கு எவர்சில்வர் தட்டோ டப்பாவோ பெயர் பொறித்துக் கொடுக்கிறோம், அதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு புத்தகம் வந்துவிடும். பதினாறு நாளுக்குள் அவசரப்பட வேண்டாம், முதல் திவசத்துக்குத் தயாரானால் போதும். நடுவில் ஊசி அடிக்கும் புத்தகம் என்பதால் பக்கங்கள் நான்கின் மடங்கில் இருக்க வேண்டும்; 16 அல்லது 24 பக்கம் நல்ல அளவு. ஒரு பக்கம் வம்சாவளி. அதில் மகள் வழிப் பிள்ளைகளும் வர வேண்டும், சிறு வயதில் இறந்த குழந்தைகளும் வர வேண்டும்.

தாத்தாவின் முன்கோபத்தை எழுதலாமா? எழுதலாம், படிப்பவர்கள் சிரிப்பார்கள், அவர் கண் முன்னால் வருவார். கடன் தகராறு, இரண்டாவது குடும்பம் போன்றவற்றை ஒலிப்பதிவில் வைத்துக்கொள்ளுங்கள், அச்சில் வேண்டாம். அதில் சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் உயிரோடு இருப்பார்கள்.

பதினைந்தாம் நாள் இரவும் பதினாறாம் நாளும்

இறந்த நாளையும் சேர்த்து எண்ணித்தான் பதினாறு. வெள்ளி, செவ்வாய் வந்தால் ஒரு நாள் தள்ளுவதும், விடுமுறை நாளுக்காக முன்னே இழுப்பதும் சகஜம்.

பதினைந்தாம் நாள் இரவு படையல். தாத்தாவுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வரும். முறுக்கு, அதிரசம், வெற்றிலை, சுருட்டு, சில வீடுகளில் ஒரு குவார்ட்டர் பாட்டில்கூட. சிரிக்க வேண்டாம், ஒரு மனிதரைப் பற்றிப் பத்திரிகை சொல்வதைவிட அந்த இலை அதிகம் சொல்லும். அதை ஒரு படம் எடுத்து வையுங்கள். இரவு எல்லாரும் விழித்திருக்கும் நேரம் பேச்சுக்கு நல்ல நேரம். படையல் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு சம்பவம் என்று ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

காலையில் குளக்கரையிலோ ஆற்றங்கரையிலோ கல் வைத்து, பிண்டம் வைத்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, மொட்டை போட்டுக் குளித்து வருவார்கள். வீட்டில் மகன்களுக்கு மாமன் மச்சான் வேட்டி துண்டு எடுத்து வந்து தலைப்பாகை கட்டுவார்கள். யார் முதலில் கட்டுவது என்பதில் மனத்தாங்கல் வரும். வரிசையை ஒரு தாளில் எழுதி, மைக் பிடிப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள். மருமகள்களுக்கும் அவர்கள் பிறந்த வீட்டுச் சேலை வரும் வழக்கம் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

படத்திறப்பு வைத்தால் பேச ஐந்து பேர் போதும், அதில் குடும்பத்தார் இருவருக்கு மேல் வேண்டாம். தாத்தா தினமும் டீ குடித்த கடைக்காரர், கூட வேலை பார்த்தவர், அவரிடம் படித்தவர் என்று கூப்பிடுங்கள். கட்சிக்காரர் வந்தால் முதலிலேயே பேச வைத்துவிடுவது நல்லது, அவருக்கும் அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருக்கும்.

சாப்பாட்டுக்கு ஒரு கிலோ அரிசி எட்டுப் பேர் என்று கணக்குப் போட்டால் இருநூறு பேருக்கு இருபத்தைந்து கிலோ. பத்திரிகை எண்ணிக்கையை வைத்து எண்ணாதீர்கள். எடுக்கும் நாளில் வந்த கூட்டத்தில் பாதிதான் கருமாதிச் சாப்பாட்டுக்கு உட்காரும். சில சமூகங்களில் அன்று மாலையோ மறுநாளோ கறிச்சோறு உண்டு, அது நெருங்கிய உறவுக்கு மட்டும்.

சொத்துப் பேச்சு

கருமாதி முடிந்த அன்றிரவே பாகம் பற்றிய பேச்சு வெடிக்கும். எல்லாரும் ஊரில் இருக்கிறார்கள், இப்போதே முடித்துவிடலாம் என்று ஒருவர் ஆரம்பிப்பார். முடிக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து ஒரு தேதியைக் குறித்துச் சொல்லிவிட்டு, அன்றைக்குப் பட்டியல் மட்டும் எடுங்கள்: பத்திரங்கள், பட்டா, வங்கிப் புத்தகம், எல்ஐசி, நகைச் சீட்டு, அவர் கொடுத்த கடன், வாங்கிய கடன். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் பாட்டியிடம் கொடுங்கள்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சமமான பங்கு. முன்பே இறந்துபோன மகன் அல்லது மகளின் பங்கு அவர்கள் வாரிசுகளுக்குப் போகும். பூர்வீகச் சொத்தில் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகள்களுக்கும் மகன்களைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு. "அத்தைங்க கேக்க மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு, அழுது வீங்கிய முகத்தோடு இருப்பவர்களிடம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது அயோக்கியத்தனம். அத்தைகள் விட்டுக்கொடுக்க நினைத்தால் ஆறு மாதம் கழித்தும் விட்டுக்கொடுக்கலாம்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் மூலம் தாசில்தாருக்கு விண்ணப்பிக்க வேண்டும். தாத்தா பென்ஷன் வாங்கியவர் என்றால் வங்கிக்கு உடனே தெரிவியுங்கள். இறந்தபின் வரவாகும் பணத்தை ஏடிஎம்மில் எடுத்தால் திருப்பிக் கட்ட வேண்டிவரும். பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும், அதற்குப் பென்ஷன் உத்தரவுப் புத்தகத்தைத் தேடி எடுத்து வையுங்கள். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் பெயர் நீக்கம் எல்லாம் மெதுவாகச் செய்யலாம்.

முதல் வருடம்

பதினாறு முடிந்த மறுநாள் வீடு காலியாகும். கூட்டத்தோடு கூட்டமாக எல்லாரும் கிளம்பிப் போகாதீர்கள். யாராவது ஒரு மகளோ பேத்தியோ இன்னும் சில வாரம் தங்க வேண்டும். பாட்டியை உடனே பட்டணத்துக்கு அழைத்துப் போவது அன்பாகத் தெரியும், ஆனால் நாற்பது வருடம் புழங்கிய அடுப்படியையும் பக்கத்து வீட்டுப் பேச்சுத் துணையையும் ஒரே மாதத்தில் இழப்பது அவளுக்கு இரண்டாவது அடி. போக விரும்புகிறாளா, எப்போது, யார் வீட்டுக்கு என்பதை அவள் சொல்லட்டும். மகன்கள் ஆளுக்கு மூன்று மாதம் என்று முறை வைத்துப் பிரிக்கும் பேச்சை அவள் காதில் விழும்படி பேச வேண்டாம்.

அந்த வருடம் வீட்டில் பொங்கலும் தீபாவளியும் கொண்டாட மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பலகாரம் சம்பந்தி வீட்டிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் வரும். அந்த இரண்டு நாளிலும் பாட்டி தனியாக இருக்கக் கூடாது. தை, ஆடி, புரட்டாசி மகாளய அமாவாசைகளில் தர்ப்பணம் கொடுக்க ராமேஸ்வரம் போவதாக இருந்தால் முந்தின நாளே தங்க இடம் பார்த்துவிடுங்கள், அன்று கடற்கரையில் நிற்க இடம் இருக்காது. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் சாதாரண அமாவாசையில் போவதே வசதி.

முதல் திவசம் இறந்த தமிழ் மாதம், பட்சம், திதிப்படி வருவதால் ஆங்கிலத் தேதியிலிருந்து சில நாள் முன்பின் இருக்கும். வெளியூரில் இருப்பவர்களுக்கு இரண்டு மாதம் முன்பே தேதியைச் சொல்லிவிடுங்கள். நினைவு மலரின் மெய்ப்பை (அச்சுக்கு முந்தைய மாதிரிப் படியை) அதற்கு மூன்று வாரம் முன்பாகப் பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். அவள் திருத்தச் சொல்வதைத் திருத்தியபின் அச்சுக்கு அனுப்புங்கள். குடும்பத்தின் எண்ணிக்கையைவிட முப்பது பிரதி கூடுதலாக அடியுங்கள், டீக்கடைக்காரரும் கேட்பார்.